மேட்டுக் காற்றுக்கு வைத்த ஜெட்

அட்டனிலிருந்து டிக்கோயா பக்கம் போகும் பாதையில், இரண்டாவது வளைவு முடிகிற இடத்தில் இருக்கிறது வண்டி திருத்தும் வைரவன் பாஸின் கராஜ். பெயர்ப்பலகை கிடையாது. பலகை வைத்து ஆள் கூப்பிடும் நிலை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. மஸ்கெலியாவிலிருந்து நுவரெலியா வரை எந்த வேன்காரரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார். கூடவே பாஸின் முன்கோபத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார்.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர் வைரவன். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு பதினைந்து வருடம் தோட்டத்து லொறிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தே தொழிலைக் கற்றார். இப்போது வயது ஐம்பத்திரண்டு. மனைவி ஜீவராணி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் அதிகம் பேசுவது யார் என்று கேட்டால் இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

வைரவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மலைக் காற்று. உயரத்தில் காற்று லேசு. கீழ்நாட்டு அளவில் பெட்ரோல் விட்டால் பழைய எஞ்சின்கள் கரும்புகை கக்கிக்கொண்டு மேட்டில் நின்றுவிடும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டருக்குள் பெட்ரோல் வருகிற துளையுள்ள சின்னஞ்சிறு பித்தளைத் திருகுக்கு ஜெட் என்று பெயர். வைரவன் அதைக் கழற்றி, துளை குறைந்த ஒன்றைப் போடுவார். வண்டி மூச்சு விட்டுக்கொண்டு ஏறும். ஆனால் அதே வண்டி கொழும்புப் பக்கம் இறங்கினால், கனத்த காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் எஞ்சின் உள்ளே வெந்துபோகும். ஆகவே இறங்குவதற்கு முன்னால் வந்து ஜெட்டை மாற்றிக்கொண்டு போக வேண்டும். சாவியைக் கையில் கொடுக்கும்போது, "கீழ போறதா இருந்தா சொல்லிட்டுப் போங்க" என்று எல்லோரிடமும் சொல்வார். அது அவருக்கு வாய்ப்பாடு மாதிரி.

அதை அவர் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு ஆளிடம்தான்.

கணேசமூர்த்தி அட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம், முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பழைய, இரண்டு கதவு வைத்த ஜப்பான் கார். ஒரு காலத்தில் தோட்டத்துத் துரை ஒருவர் ஏப்ரல் மாதத்தில் நுவரெலியா மலையேற்றப் பந்தயத்துக்கு ஓட்டிய கார் அது. அதன் காபரேட்டரை ஆட்டுவித்தது ஓட்டுபவர் சீற்றுக்கு அடியில் இருந்த ஒரு கம்பியூட்டர் பெட்டி. புகைக் குழாயில் பதித்த ஒரு கருவி புகையை மோந்து பார்த்துச் செய்தி அனுப்பும். பெட்டி அதற்கேற்ப பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். மேலே என்றாலும் கீழே என்றாலும் தானே பார்த்துக்கொள்ளும். அதனால் ஜெட் மாற்றுவது என்று ஒன்று இருப்பதே கணேசமூர்த்திக்குத் தெரியாது.

போன மாரியில் பெட்டிக்குள் ஈரம் ஏறிப் பச்சை பூத்துவிட்டது. திருத்த ஆள் இல்லை, மாற்றுப் பெட்டியும் கிடைக்கவில்லை. கார் கராஜுக்கு வந்தது. வைரவன் அந்தக் காபரேட்டரையும் பெட்டியையும் அடியோடு கழற்றிவிட்டு, பழைய சாமான் கடைகளில் தேடிச் சாதாரணக் காபரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, மேட்டுக் காற்றுக்கு ஜெட் வைத்துப் பூட்டினார். காபரேட்டரை மட்டும் மாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிற அரைகுறைகள் உண்டு. தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதையும் அந்தப் பெட்டிதான் சொல்லிக்கொண்டிருந்தது என்பது அவர்களுக்கு உறைக்காது. வைரவன் தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ரிபியூட்டரையும் சேர்த்து மாற்றினார். தேவையில்லாமல் போன ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்தார். மூன்று வாரம் வேறு வண்டியைத் தொடவில்லை.

ஓட்டிப் பார்த்த நாளில் கணேசமூர்த்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, தலவாக்கலை தாண்டி நானுஓயா வரை ஏற்றினார். கார் மேட்டை மேடென்று மதிக்கவில்லை. திரும்பி வந்தபோது கராஜ் வாசலில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். கணேசமூர்த்தி அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. வைரவனுக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெருமையில், சாவியைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கொடுத்துவிட்டார்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் வாழ்க்கைப்பட்டிருந்த கணேசமூர்த்தியின் அக்கா தனலெட்சுமி மாரடைப்பில் இறந்துபோனார். தாய் தகப்பன் இல்லை. கூடப் பிறந்தது தம்பி ஒருவர்தான். மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். சுமங்கலியாகச் சாகிறவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தாமல் தூக்கக் கூடாது. கணேசமூர்த்தி தன் கடையிலேயே நல்ல அரக்குப் பட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாகக் காரில் கிளம்பினார்.

கித்துல்கல வரை இறக்கம். யட்டியாந்தோட்டை தாண்டிச் சமதரை வந்ததும், நேரமாகிவிடுமே என்று வேகத்தைக் கூட்டினார். எஞ்சினுக்குள் கூழாங்கல் உருளுகிற மாதிரி சத்தம் கேட்டது. அவிசாவளைக்கு இந்தப் பக்கமே வெள்ளைப் புகை விட்டு நின்றது. நடுப்பகல் வெயிலில், சேலைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, போகிற வாகனங்களுக்கெல்லாம் கைகாட்டிக்கொண்டு நின்றார் அந்த மனிதர். கடைசியில் பஸ் பிடித்து மயானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தகன அறையின் கதவை மூடியிருந்தார்கள். அவருக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, யாரோ தூரத்து உறவுக்காரர் கொடுத்த கோடியைப் போர்த்தித் தூக்கியிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துக் காரை லொறியில் ஏற்றிக் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். வைரவன் முதல் பிளக்கைக் கழற்றினார். அது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பெட்ரோல் போதாமல் வெந்தால்தான் அப்படி வெளுக்கும். அடுத்ததும் அப்படியே. எஞ்சினைத் திறந்தால் பிஸ்டன் ஒன்றில் விரல் நுழைகிற ஓட்டை. அதையெல்லாம் பார்க்கத் தேவையே இல்லை. பிளக் கையில் வந்த கணமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கணேசமூர்த்தி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம்.

"ஏந் தப்புதான் பாஸ்," என்றார். "அவசரத்துல போட்டு அமுக்கிட்டேன். பழைய வண்டி, தாங்கல."

அப்போது வைரவன் வாயைத் திறந்திருக்க வேண்டும். இருபது வருடத்துப் பேர் குறுக்கே வந்து நின்றது. "ம்" என்று மட்டும் சொன்னார். அதைவிடக் கேவலமான ஒரு சொல்லைத் தன் ஆயுளில் சொன்னதில்லை என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவருக்கு வேலை ஓடவில்லை. காரைத் தார்ப்பாயால் மூடி மூலைக்குத் தள்ளினார். மூடினாலும் அது அங்கேதான் இருந்தது. சின்ன விஷயத்துக்கெல்லாம் வேன்காரர்கள் மேல் எரிந்து விழுந்தார். மூன்று வாரம் இப்படியே போனது. ஒருநாள் மத்தியானம் துணிக்கடையில் வேலை பார்க்கும் தர்ஷன் வந்து, காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடும்படி முதலாளி சொல்லச் சொன்னதாகச் சொன்னார்.

"அத நெனச்சாலே அக்காவ நடுரோட்டுல விட்டுட்டு வந்த மாதிரி இருக்குதாம் பாஸ். மொதலாளி கடைக்கு வாறாங்க, ஒக்காந்திருக்காங்க, போறாங்க. யாருகூடவும் பேச்சே இல்ல."

அன்று சாயந்தரம் வைரவன் ஜீவராணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்ல மறந்ததை, பிளக்கை, "ம்" போட்டதை.

"ஒங்க பாரத்த அவரு தலையில ஏத்தி வச்சிட்டு வந்திருக்கீங்க," என்றார் ஜீவராணி. "போயி எறக்கி வச்சிட்டு வாங்க."

மறுநாள் கடை திறந்ததும் வைரவன் போனார். எண்ணெய்க் கறை போகக் கையைத் தேய்த்துக் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கணேசமூர்த்தி நாற்காலி இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வாங்கிவரத் தர்ஷனை அனுப்பினார். வைரவன் உட்காரவில்லை.

"மொதலாளி, வண்டி நின்னது ஒங்களால இல்ல. நான் மேட்டுக் காத்துக்கு ஜெட் வச்சேன். கீழ எறங்குறதுன்னா அத மாத்தணும். ஒங்ககிட்ட அத சொல்ல மறந்துட்டேன். யாரு ஓட்டியிருந்தாலும் அது வெந்துதான் போயிருக்கும்."

கணேசமூர்த்திக்கு அது புரியக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"அப்ப நான் அமுக்குனதால இல்லையா?"

"இல்லங்க."

கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, கடையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறந்து, தோள் குலுங்க அழுதார். வைரவனுக்கும் கண் கலங்கியது. ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. வந்த காரியம் முடிந்துவிட்டது என்றே நினைத்தார். எஞ்சினைத் தானே புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னார், தயவுசெய்து இரும்புக்குப் போட வேண்டாம் என்றார். கணேசமூர்த்தி அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பிளக்கக் கழட்டுன அன்னிக்கே."

"அன்னிக்கு நான் ஒங்க பக்கத்துலதான நின்னேன்."

தர்ஷன் கொண்டுவந்த தேத்தண்ணியை வைரவன் வாங்கி, குடிக்காமல் மேசைமேல் வைத்தார்.

"பதினாறாம் நாள் கருமாதிக்கு அத்தானே போன் பண்ணிக் கூப்புட்டாரு," என்றார் கணேசமூர்த்தி. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வைரவனுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறதுன்னு நான் போவல. சொல்ல மறந்தீங்க, சரி. மனுசன்னா மறக்கும். அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, எங்கக்காவுக்குக் கருமாதிக்காவது போயிருப்பேன் பாஸ்."

மறதிக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வைரவன் இரவெல்லாம் வார்த்தை தேடி வைத்திருந்தார். அந்த "ம்"முக்காக அல்ல.