வராதவனைக் கேட்காத பள்ளிக்கூடம்

என் தம்பி அன்ரன் கடலில் அலைந்துகொண்டிருந்தபோது ஒருவரும் அவனைத் தேடாமல் விட்டதற்கு நான்தான் காரணம். எங்களுக்குப் படிப்பித்த மாஸ்டர் இல்லை. நான்!

இதை ஒளித்துவைத்துத்தான் எழுதுகிறேன்... அம்மா குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்கிறார். எட்டிப் பார்த்துவிடுவாரோ என்று பயமாயிருக்கிறது.

அது சண்டை நின்றிருந்த சமாதான காலம். இடம்பெயர்ந்து ஊர் ஊராய் அலைந்து படிப்பு முறிந்துபோன பெடியளும் பெட்டைகளும் எங்கள் தீவுப் பகுதியெங்கும் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் சேர வயது கடந்துவிட்டது. புளியங்கூடலில் ஆட்கள் விட்டுப்போன ஒரு வீட்டைத் துப்புரவாக்கி, மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டு இருத்தினார்.

"உங்களுக்கு எப்பிடிப் பள்ளிக்கூடம் வேணுமெண்டு நீங்களே சொல்லுங்கோ. அப்பிடியே செய்வம்."

எங்களிடம் அப்படி யாருமே கேட்டதில்லை!

"இஞ்சின் கழட்டிப் பூட்டப் பழக்கோணும் மாஸ்டர்," என்றான் அன்ரன். "கணக்கையும் அதுக்குள்ளயே வையுங்கோ. தனியா வைச்சா எனக்கு நித்திரை வரும்."

"நீ இஞ்சினுக்குப் பக்கத்திலயும் நித்திரை கொள்ளுவாய்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

வள்ளங்கள் கரைக்கு வந்த பிறகே வகுப்பு, வயதுபடி பிரிக்கக் கூடாது, பெண்பிள்ளைகள் இருட்ட முதல் சென்றிக் காவலரணைத் தாண்டிவிட வேண்டும்... ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

"நீர் ஒண்டும் சொல்லேல்லையே?" என்று மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"இடாப்பு வைச்சுப் பேர் கூப்பிடக் கூடாது மாஸ்டர். வராத ஆளை ஏன் வரேல்லையெண்டு ஒருத்தரும் கேக்கக் கூடாது. வீட்டுக்கு ஆள் அனுப்பவும் கூடாது."

"ஆளைக் காணாட்டித் தேடாம இருக்கலாமோ?"

"கடல் தொழிலுக்குப் போறவன் திரும்பி வருவான்தானே. கேட்டாத்தான் வெக்கத்தில படிப்பை விடுவினம்."

பொய்! மற்றவர்களுக்காக நான் அதைச் சொல்லவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அம்மாவோடு கருவாடு காயப்போடும் நாட்களில் பள்ளிக்கூடம் போக ஏலாது. மறுநாள் ரீச்சர் எழுப்பி நிறுத்தி ஏன் வரவில்லை என்று கேட்பார். பின்வரிசை வாங்கில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். ஒருநாள் போகாமலே விட்டுவிட்டேன். அந்த வெட்கத்தைத்தான் மாஸ்டரின் பள்ளிக்கூடத்துக்குச் சட்டமாக்கினேன்... அவரும் சம்மதித்தார்.

எங்கள் வீடு மண்டைதீவில். பெண்பிள்ளைகளுக்குப் பகலிலும் ஆண்பிள்ளைகளுக்கு இரவிலும் வகுப்பு என்றானது. இரவு வகுப்புக்குப் போக வசதியாக அன்ரன் சுருவிலில் மாமா வீட்டில் தங்கினான். ஒருநாள் மாமாவின் சின்ன வள்ளத்தை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல், தனியே நண்டு வலை போடப் போனான். வள்ளத்தைக் காணாத மாமா, அவன் கடல்வழியே எங்களிடம் வந்துவிட்டான் என்று நினைத்தார். நாங்கள் அவன் வகுப்பில் இருக்கிறான் என்று நினைத்தோம். அவன் வரவில்லை என்று வகுப்புக்குத் தெரியும். ஆனால் கேட்கக் கூடாதே!

மூன்று நாட்கள் அப்படியே போயின.

வேறு ஊர்க் கடற்றொழிலாளர்கள்தான் வள்ளத்தைக் கண்டார்கள். இஞ்சின் பழுதாகி இழுபட்டுப் போயிருந்தது. அலை தூக்கி எறியாமலிருக்க அன்ரன் தன்னைத்தானே பலகையோடு கட்டியிருந்தான். உடலைக் கொண்டுவந்த ஒருவர் மெல்லச் சொன்னார்: "முதல் நாளே தேடியிருந்தா ஆள் தப்பியிருக்கும்."

கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் கரையைப் பார்த்திருப்பான்? அக்கா ஆளனுப்புவாள் என்று நினைத்திருப்பானோ? இரவில் கண்ணை மூட எனக்குப் பயம்...

செத்த வீட்டில் அம்மா மாஸ்டரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "என்ரை பிள்ளை வரேல்லையெண்டு வந்து ஒரு சொல்லுச் சொல்ல உனக்கு வாயில்லையோடா?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தரம். நான் தலையைக் குனிந்தேன்.

"என்ரை பிழைதான் அம்மா," என்றார்.

நீங்கள் கேட்கலாம், அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்று. பயம்! அம்மாவுக்கு இப்போது நான் ஒருத்திதான். அவர் என்னையும் இழந்துவிடுவாரோ, நான் அவரை இழந்துவிடுவேனோ... எந்தப் பயம் பெரிதென்று எனக்கே தெரியவில்லை.

பள்ளிக்கூடம் நின்றது. மாஸ்டர் வன்னிப் பக்கம் போய்விட்டார். இப்போது அங்கே போகும் பாதையும் பூட்டி, சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. அங்கே குண்டு விழுகிறது என்று ரேடியோ சொல்கிறது.

நேற்று அதைக் கேட்டுக்கொண்டே அம்மா மீன் வெட்டினார்.

"அந்த வாத்தியும் அதுக்குள்ள கிடந்து சாகட்டும். என்ன பிள்ளை?"

"ஓம் அம்மா," என்றேன்.