இரண்டாவது ஊசியும் ஒரு கைப்பிடி உப்பும்

என் மகனை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விட்டபோது தந்த அட்டையில் 2023 ஜனவரி 19 என்று திகதி இருக்கிறது. வியாழக்கிழமை. அப்போது அவனுக்கு இரண்டு வயதும் எட்டு மாதமும். பதினான்காம் திகதி காலை மூச்சு இழுப்போடு கொண்டுபோனோம். பொங்கல் வார்ட்டிலேயே கழிந்தது. அட்டையின் கீழே, மருந்துகளின் பெயர்களுக்குப் பிறகு, ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: அடுத்த மழைக்காலத்துக்கு முன் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி பற்றி யோசிக்கவும்.

நாங்கள் ஒன்பது மாதம் யோசித்தோம்.

நாங்கள் இருப்பது தண்ணீரூற்று என்ற ஊரில். நான் ஒரு பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். என் கணவர் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவர். அங்கேயே ஒரு மீன் வாடியில் இறாலும் நண்டும் நிறுத்து, ஐஸ் போட்டு, லொறியில் ஏற்றி அனுப்பும் வேலை. பக்கத்து வளவில் அவருடைய அக்கா, எனக்கு மச்சாள். மகன் பகலில் அவவோடுதான் நிற்பான். ஆகவே ஊசி பற்றிய பேச்சில் அவவுக்கும் ஒரு வாக்கு இருந்தது. அந்த வாக்கு முதல் நாளே எதிராக விழுந்துவிட்டது.

“கிளினிக்கிலை சும்மா குடுக்கிற ஊசியெல்லாம் போட்டாச்சு. இது காசுக்கு விக்கிற ஊசி. நல்லதெண்டா கவர்மென்ட் தராதோ?”

“எல்லாத்தையும் கவர்மென்ட் தருமோ மச்சாள்?”

“நீ புத்தகத்துக்கை இருக்கிறனி, உனக்கு எல்லாம் தெரியும். என்ரை பெட்டைக்கு ஊசி போட்ட அண்டைக்குப் பின்னேரம் வலிப்பு வந்ததை நான் கண்ணாலை பாத்தனான்.”

அவவின் மகள் இப்போது ஓ.எல். சோதனைக்குப் படிக்கிறாள். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வலிப்பு வந்தது உண்மை என்று என் கணவரும் சொன்னார். எந்த ஊசி, என்ன திகதி, எத்தனை மணித்தியாலம் கழித்து என்று நான் கேட்டேன். மச்சாளுக்கு மழை பெய்தது ஞாபகம், ரவுசரோடு வந்த ஒரு டொக்டர் அம்மா ஞாபகம், திகதி ஞாபகமில்லை. பிள்ளையின் கிளினிக் கொப்பி இடப்பெயர்வில் போய்விட்டது. சரிபார்க்க வழியில்லாத ஒரு சாட்சியத்தோடு வாதாட முடியாது. நான் விட்டுவிட்டேன்.

கணவரின் சந்தேகம் வேறு வகை. அவருக்கு ஊசியில் சந்தேகமில்லை, அதை விற்பவர்களில் சந்தேகம். “பழசை புதுசெண்டு விக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். செவுளைப் பாத்துப் பழைய மீனைக் கண்டுபிடிக்கலாம். ஊசிக்கு எங்கை செவுள் பாக்கிறது?” என்றார். அந்த வருடம் பேப்பரைத் திறந்தால் தரமில்லாத மருந்துகள் பற்றிய செய்தி. அவர் பேப்பர் வாசிப்பதில்லை, நான்தான் வாசித்துக் காட்டினேன். அவருடைய சந்தேகத்துக்குத் தீனி போட்டவள் நான்.

எனக்கும் இருந்தது. பக்கவிளைவுகள் என்ற தலைப்பில் கிடைத்த எல்லாவற்றையும் வாசித்தேன். போட்ட இடத்தில் நோவு, சிவப்பு, ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், சினம், சாப்பாடு வேண்டாம் என்பது. மிக அரிதாகப் பெரிய ஒவ்வாமை. அரிது என்ற சொல் ஆறுதலாகத்தான் எழுதப்பட்டிருந்தது. அந்த அரிதில் ஒருவனாக என் மகன் இருக்கமாட்டான் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஒக்டோபர் 3, செவ்வாய். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் எங்கள் கைக்குழந்தையை, மகளை, நிறுக்க வந்தா. மகளுக்கு அப்போது நாலு மாதம், அந்த ஊசிக்கு வயதில்லை. எங்கள் பக்கத்தில் அவவை ‘மிஸ்’ என்றுதான் சொல்வோம். மகனுக்கு அதைப் போடலாமோ என்று கேட்டேன்.

“அது எங்கடை கிளினிக் ஊசியில்லை. போடுங்கோ எண்டும் நான் சொல்லேலாது, போடாதையுங்கோ எண்டும் சொல்லேலாது.”

மச்சாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “பாத்தியே, மிஸ்ஸே வாய் திறக்கிறா இல்லை,” என்றா.

“மிஸ், உங்கடை பிள்ளையெண்டா?”

அவ தராசின் தொட்டிலை மடித்துக்கொண்டே சிரித்தா. “இது மிஸ்ஸிட்டைக் கேக்கிற கேள்வியில்லை, அம்மாவிட்டைக் கேக்கிற கேள்வி. எனக்கு இழுப்புக்காரப் பிள்ளை இருந்தா, மழைக்கு முதல் போட்டிருப்பன்.”

அன்று மாலை மிஸ் சொன்னதைக் கணவரிடம் சொன்னேன். கடைசியில், “அந்த அஞ்சு நாளும் அவன்ரை விலா உள்ளை போய்வந்ததை நான் எண்ணிக்கொண்டிருந்தனான். இன்னொருக்கா எண்ணேலாது. போடுவம்,” என்றார்.

ஒக்டோபர் 14, சனி. வவுனியாவுக்கு மூவரும் பஸ்ஸில் போனோம். மகளை மச்சாளிடம் விட்டோம். நெடுங்கேணி வரும்வரை மகன் இரண்டு தடவை சத்தி எடுத்தான். தனியார் சிகிச்சை நிலையத்தில் ஒரு தாதி முட்டை ஒத்துவருமோ என்று கேட்டா. அவன் பக்கத்து வளவு மாமி வீட்டில் நாளுக்கு ஒரு முட்டை சாப்பிடுகிறவன் என்றேன். கணவர் ஊசிப் பெட்டியை வாங்கி, முடிவுத் திகதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் தந்தார். நானும் பார்த்தேன். தாதி பொறுமையாக நின்றா. முதல் தடவை போடுகிற சின்னப் பிள்ளைக்கு இரண்டு ஊசி, நாலு கிழமை இடைவெளியில் மற்றது என்று சொன்னா. இரண்டாவது ஊசி இருக்கிறது என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். வெளியே வந்ததும் கணவர், “முதலே சொன்னா வாங்கமாட்டமெண்டு சொல்லேல்லை,” என்றார்.

மறுநாள் காலை காய்ச்சல் நூறு தசம் ஆறு. மத்தியானம் நூற்றொன்று. மாலை தொண்ணூற்றொன்பது. தோளில் ஒரு ரூபாய்க் குற்றியளவு சிவப்பு. திங்கள் காலை ஒன்றுமில்லை, கோழியைத் துரத்தினான். ஆனால் அந்த ஒரு நாளில் மச்சாள் ஐந்து தடவை வந்தா. ஐந்தாவது தடவை, “தம்பி, ரெண்டாவதைப் போடாதை. ஒண்டோடை விடு,” என்று தம்பியைத்தான் பார்த்துச் சொன்னா. என்னைப் பார்க்கவில்லை.

அவனை மறுபடி பஸ்ஸில் கொண்டுபோவது பற்றி யோசித்தபோது, முள்ளியவளையில் மாலையில் வீட்டில் நோயாளர் பார்க்கும் ஒரு டொக்டரிடம் விசாரித்தோம். ஊசியை நாங்கள் கொண்டுவந்தால் போட்டுவிடுவதாகச் சொன்னார். “குளிர் விடாமல் கொண்டுவரோணும்,” என்றார். நவம்பர் 11, சனிக்கிழமை, கணவர் தனியாக வவுனியாவுக்குப் போய் ஒரு பாமசியில் ஊசி மருந்தை வாங்கிவருவது என்று முடிவானது. மறுநாள் தீபாவளி, பஸ்ஸில் சனம் நிறைந்திருக்கும், மூன்று மணித்தியாலம் எடுக்கலாம். ஒரு துண்டுக் காகிதத்தில் நான் எழுதிக் கொடுத்தேன். அதன் பிரதி என் கொப்பியில் இருக்கிறது: முடிவுத் திகதி பார்க்கவும். பற்றுச்சீட்டு வாங்கவும். வழியில் எந்தக் காரணத்துக்காகவும் குளிர் குறையக் கூடாது.

அவ்வளவுதான் எழுதினேன்.

அவர் வாடியிலிருந்து குளிர் தாங்கும் ஒரு சின்ன வெள்ளை ரெஜிபோம் பெட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார். மாதிரிக்கு இறால் எடுத்து லொறிக்காரருக்குக் காட்டுகிற பெட்டி. பின்னேரம் நாலரைக்கு முள்ளியவளையில் பஸ்ஸால் இறங்கினார். நானும் மகனும் டொக்டர் வீட்டு வாசலில் நின்றோம். பெட்டியைத் திறந்தபோது டொக்டர் சிரித்தார்.

“என்ன ஐசே, ஊசி கொண்டுவந்தனீரோ, பாரைக்குட்டி மீன் கொண்டுவந்தனீரோ?”

பெட்டி நிறைய உடைத்த ஐஸ். நடுவில் பொலித்தீன் பைக்குள் ஊசிப் பெட்டி. டொக்டர் ஊசியை உள்ளங்கைக்குள் சிறிது நேரம் வைத்திருந்தார், குலுக்கினார், யன்னல் வெளிச்சத்தில் பார்த்தார், போட்டார். மகன் அழுதான், ரொபி தந்ததும் நிறுத்தினான். கணவர் அன்றிரவு முழுவதும் நல்ல மனநிலையில் இருந்தார். “வவுனியாவிலை வைச்ச குளிர் அப்பிடியே நிண்டது பாத்தியே,” என்று இரண்டு தடவை சொன்னார்.

தீபாவளி காலை குசினிக்குப் பின்னால் அந்தப் பெட்டியைக் கழுவினேன். அடியில் நின்ற தண்ணீர் கையில் இருந்த கீறலில் எரிந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

“இஞ்சருங்கோ, இது வாடி ஐஸோ?”

“இல்லை, வவுனியா மீன் கடையிலை வாங்கினது. பாமசிக்காரன் ஒரு சின்ன ஐஸ் பக்கெட்தான் வைச்சுத் தந்தவன். அது புளியங்குளம் தாண்டாது. அதை எறிஞ்சிட்டு நல்ல ஐஸ் போட்டனான்.”

“உப்பு?”

“உப்புப் போடாட்டி என்னெண்டு மூண்டு மணித்தியாலம் குளிர் பிடிக்கும்? ஒரு கைப்பிடி போட்டனான். நாங்கள் இறாலுக்குச் செய்யிறதுதானே.”

ஊசிப் பெட்டிக்குள் மடித்திருந்த மருந்து விவரத் துண்டை நான் எறியவில்லை. எல்லாவற்றையும் வாசித்தவள், போடும் முன் அந்தத் துண்டை மட்டும் வாசிக்கவில்லை. பக்கவிளைவுகள் எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். சேமிக்கும் முறை என்ற பகுதியில் இருந்தது: உறைய விடக்கூடாது. உறைந்திருந்தால் பயன்படுத்தாமல் எறியவும். உப்புப் போட்ட ஐஸ் வெறும் ஐஸைவிடக் குளிரும் என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும். அவருக்குக் கையில் தெரியும். இருவருக்கும் தெரிந்ததே பிழையாகிவிட்டது.

டொக்டருக்குப் போன் எடுத்தேன். பயப்பட வேண்டாம், பிள்ளைக்குக் கெடுதி வரும் என்று தான் நினைக்கவில்லை என்றார். “ஆனா உறைஞ்சு இளகியிருந்தா அது வேலை செய்யுமோ எண்டு சொல்லேலாது. நான் பாக்கேக்கை தண்ணியாத்தான் இருந்தது. கடுங்குளிர். அதுக்கு முதல் உறைஞ்சதோ எண்டு பாத்துச் சொல்லேலாது, அம்மா. திரும்ப ஒண்டு கிடைச்சாப் போடலாம்.” பாமசிக்கு எடுத்தேன். கையிருப்பு முடிந்துவிட்டது, எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள்.

கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். “நீ எழுதித் தந்ததைத்தானே செய்தனான். குளிர் குறையக் கூடாதெண்டு எழுதினது ஆர்?”

“உறையக் கூடாதெண்டு எழுத மறந்திட்டன்.”

“அப்ப டொக்டர் ஏன் போட்டவர்? பாமசிக்காரன் ஏன் வாய் திறந்து ஒண்டும் சொல்லேல்லை?”

அவர் எல்லோரையும் சந்தேகிக்கத் தொடங்கினார், என்னைத் தவிர. நான் அவரைச் சந்தேகித்தேன். ஒரு கைப்பிடி என்றால் எவ்வளவு? நாள் முழுக்கக் கிராம் கணக்கில் நண்டு நிறுக்கிற மனிதர், உப்பை மட்டும் கையால் போட்டிருக்கிறார்.

நவம்பர் 18, சனி. நான் ஒரு சோதனை செய்தேன். அதே பெட்டி, வாடியிலிருந்து ஐஸ், பழைய இருமல் மருந்துப் போத்தலில் சிறிது தண்ணீர், பொலித்தீன் பை. அவரைக் கூப்பிட்டு உப்பைப் போடச் சொன்னேன். போட்டார். மூன்று மணித்தியாலம் கழித்துத் திறந்தபோது போத்தலில் தண்ணீர் கட்டியாக இருந்தது. அவர் அதைக் கையில் வைத்துப் பார்த்தார்.

“நான் அண்டைக்கு இவ்வளவு போடேல்லை,” என்றார்.

“நீங்கள்தானே இப்ப போட்டனீங்கள்.”

“நீ பக்கத்திலை நிண்டா கை கூடப் போடும்.”

இரண்டாவது தடவை குறைவாகப் போட்டார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மச்சாள் வேலியடியில் நின்று பார்த்துவிட்டு, “தண்ணிக்கு ஊசி போடுறியளோ, தண்ணிக்கும் காய்ச்சல் வரப்போகுது,” என்றா. அன்றுதான் அவ என்னைப் பார்த்து மறுபடி சிரித்தா.

மூன்றாவது சோதனை செய்யவில்லை. அவர் விரும்பும் விடையும் நான் பயப்படும் விடையும் ஒரு கைப்பிடிக்குள் இருந்தன. இன்னொரு ஊசி பற்றி நான் பேச்செடுத்தபோது, “என்ரை பிழைக்கு அவனுக்கு இன்னொருக்காக் குத்த விடமாட்டன். எனக்குக் குத்தச் சொல்லு,” என்றார். பாமசியிலும் டிசம்பர் முழுக்க வரவில்லை. நான் நாலு தடவை கேட்டேன்.

மழை பெய்தது. மகனைச் சனக்கூட்டத்துக்குக் கொண்டுபோகவில்லை. யாராவது தும்மினால் அவர் மகனைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விடுவார். வாடியிலிருந்து வந்தால் கையும் காலும் கழுவாமல் அவனைத் தொடமாட்டார். இதற்கு முன் அப்படிச் செய்தவரில்லை. ஊசி வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டுதான் அந்த மழைக்காலத்தை நாங்கள் கடந்தோம்.

2024 ஜனவரி 9, செவ்வாய். மகனுக்குக் காய்ச்சலும் இருமலும். இரண்டாம் நாள் மெல்லிய இழுப்பு. முள்ளியவளை டொக்டரிடம் ஒரு தடவை மூச்சுக்கு மருந்துப் புகை பிடிக்கவைத்தோம். வார்ட்டுக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் சரியாகிவிட்டது. மச்சாள், ஊசி போட்டும் வந்துதே என்றா. கணவர், ஊசி போட்டபடியால்தான் இவ்வளவோடு போனது என்றார். அது இன்ஃபுளுவென்சாதானா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆகவே இருவர் சொன்னதையும் நான் எழுதிவைத்திருக்கிறேன், இரண்டுக்கும் சான்று இல்லை என்ற குறிப்போடு.

மகனின் கிளினிக் கொப்பியில் டொக்டர் கையெழுத்தில் ‘இரண்டாவது தடவை, 2023.11.11’ என்று இருக்கிறது. அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். கணவர் அதைக் கண்டார். “இது ஆரைப் பற்றின கேள்வி?” என்று கேட்டார். ஊசியைப் பற்றியது என்றேன். அவர் நம்பினாரோ தெரியாது.

அன்று வவுனியாவுக்கும் முள்ளியவளைக்கும் இடையில் அந்த மருந்து உறைந்ததா என்பது இதை எழுதும்வரை உறுதிசெய்யப்படவில்லை.