சவுக்குத் தோப்புக்கு ஒரு மைக்

1. கைக்குட்டை

முதல் நாள் வேலையிலேயே திட்டு வாங்கியவன் நான். அப்போது நாவலூர்ப் பக்கம் எங்கு பார்த்தாலும் சவுக்குத் தோப்பு. தோப்புக்குள் இருந்த அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் விழா. பூசாரிக்கு முன்னால் மைக்கை நிறுத்தி, அது சத்தத்தை இழுக்கும் அளவை, அதாவது கெயினை, ஏற்றினேன். அவர் வாயைத் திறக்கும் முன்பே நான்கு குழாய் ஸ்பீக்கரிலும் 'ஹோ' என்று இரைச்சல். கடல் காற்று சவுக்குக்குள் புகுந்து வரும் சத்தம்.

மைக்செட் முதலாளி ஓடி வந்தார். "இன்னாடா இது? பூசாரிய கேக்க வந்தாங்களா, காத்த கேக்க வந்தாங்களா?" தன் கைக்குட்டையை உருவி மைக் தலையில் கட்டினார். கெயினைக் குறைத்தார். "பேசறவன் வாய்கிட்ட மைக்க வை. மரம், காத்து, காக்கா எதுவும் உள்ள வரக்கூடாது. தெரிஞ்சிகினியா?"

தெரிந்துகொண்டேன். முப்பத்தெட்டு வருடம் அதுவே எனக்கு வேதவாக்கு. தோப்புகள் ஒவ்வொன்றாக விழுந்து மனைக் கற்கள் முளைத்தபோது வேலை சுலபமாயிற்று என்றுதான் நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

2. திருவிழா

அதே இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. குடியிருப்புக்காரர்களும் பழைய ஊர்க்காரர்களும் சேர்ந்து 'சவுக்குத் தோப்புத் திருவிழா' வைத்தார்கள். குழந்தைகள் சவுக்குக் காயில் மாலை கோத்திருந்தார்கள். பேப்பர் கப்பில் கூழ். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது.

மைக்செட் வேலை எனக்கு வந்தது. காலையில் மேடை போடும்போதே மதில் ஓரம் மூன்று சவுக்கு மரங்கள் வெட்டப்படாமல் நிற்பதைப் பார்த்தேன். காற்று வந்தால் இரைச்சல் வருமே! அந்தப் பக்கத்தை மறைத்துப் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டச் சொன்னேன். ஃப்ளெக்ஸில் அச்சடித்திருந்ததும் சவுக்குத் தோப்புதான்.

அன்று பேச அழைக்கப்பட்டவர் பச்சையம்மாள். இந்தத் தோப்பில் இருபது வருடம் கிணற்றிலிருந்து பானை சுமந்து கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர். தோப்பு போனதும் பெரும்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு இன்றுதான் வருகிறார். ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி. என்னிடமும் கேட்டார்.

"எங்க கெணறு எந்தப் பக்கம் கீது தம்பி? ஒரு தபா அங்க நின்னுட்டு போயிட்டா போதும்பா."

சுற்றிப் பார்த்தேன். ஏ பிளாக், பி பிளாக், சி பிளாக். எனக்கும் தெரியவில்லை.

மூன்று மணிக்கு மேடை ஏறினார். கூட்டத்தைப் பார்த்தார், கட்டடங்களைப் பார்த்தார். "இது எங்க தோப்பு இல்ல. வேற எங்கியோ இட்டாந்துட்டீங்க" என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் அடுத்து நடனம் என்று அறிவிக்கத் தயாரானார்.

அப்போது கடல் காற்று எழுந்தது. ஹெட்போனில், மிக மெல்லிசாக, அந்த 'ஹோ'. முதல் நாள் கேட்டது. இத்தனை நாள் அதற்காக ஏங்கியிருக்கிறேன் என்பதே அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு மைக்கை எடுத்துக்கொண்டு ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் ஓடினேன். நடு மரத்தில் மைக்கைக் கட்டி, அதன் தலையில் கைக்குட்டையைக் கட்டினேன். மைக்கில் நேராக முட்டும் காற்று நின்றுவிடும், மரத்தின் ஓசை மட்டும் வரும். திரும்பி வந்து கெயினை ஏற்றினேன். மைதானம் முழுக்க 'ஹோ'.

செயலாளர் ஓடி வந்தார். "அண்ணா, ஏதோ நாய்ஸ் வருது, கட் பண்ணுங்க ப்ளீஸ்!"

"ரெண்டு நிமிஷம் சார். முப்பத்தெட்டு வருஷமா கட் பண்ணிட்டேன்."

மேடையிலிருந்து இறங்கி வாசல் பக்கம் நடந்துகொண்டிருந்த பச்சையம்மாள் நின்றார். "எந்த மரம்பா கத்துது?"

ஃப்ளெக்ஸின் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். மரங்களைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். "வேலியோரத்து மரம்! கடைசி வரிச! கெணத்துலேந்து இதுக்குத்தான் ரொம்ப தூரம், காத்துக்கு எதிர்த்தாப்புல அறுவது அடி வெச்சி வரணும்."

மரத்தடிக்குப் போனார். காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். இடுப்பில் பானை இருப்பதுபோல் ஒரு கையை மடித்துக்கொண்டு நடந்தார், வாய்விட்டு எண்ணியபடி. கூட்டம் வழிவிட்டது. அறுபதாவது அடி விருந்தினர் கார் நிறுத்துமிடத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே முடிந்தது. அங்கே நின்றார். நான் கெயினைக் குறைக்கவில்லை.

புதிதாக மைக்செட் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். கைக்குட்டை கட்டுங்கள், கெயினைக் குறையுங்கள், தொழிலுக்கு அது வேண்டும். அதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா நின்று அந்த இடத்தைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. இப்போது மூன்று மரம்தான் இருக்கிறது.