எக்ஸ்பிரஸ் துரையின் கண்ணுக்குள்

சனிக்கிழமைகளில் காலை ஒன்பதரை மணிக்கு நான் ஏணி வைத்து ஏறி, ஒரு துரையின் மூக்குக்குப் பின்னால் போய் உட்காருகிறேன். துரையின் பெயர் சேர் றொடறிக். இங்கிலாந்துப் பிள்ளைகள் பார்க்கும் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வரும் எக்ஸ்பிரஸ் நீராவி எஞ்சின். கருஞ்சிவப்பு நிறம், தலைக்கனம், சாமான் வண்டி இழுக்கச் சொன்னால் கோபம். நாங்கள் இருக்கும் சிறிய பட்டணத்துக்குப் பக்கத்தில், பழைய எஞ்சின்களை வைத்துப் பராமரிக்கும் ஒரு ரெயில் பாதை உண்டு. அங்கே நாற்பது வருடமாக நெருப்பே காணாத ஒரு எஞ்சினுக்கு றொடறிக் துரையின் ஃபைபர் முகத்தைப் பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். புகை, கலியாண வீட்டில் மாப்பிள்ளை பொம்பிளை வரும்போது விடுகிற மெஷின் புகை. கண் உருட்டுவது நான். ஒரு கயிற்றை இழுத்தால் கண்மணி இடம் வலம் போகும், மற்றக் கயிற்றை இழுத்தால் இமை மூடும். ஒரு பொத்தானும் உண்டு. அதை அமத்தினால் துரையின் குரலில் மூன்று வசனங்கள் மாறி மாறி வரும்: "வழி விடுங்கள்", "சாமான் வண்டி என் வேலை அல்ல", "நான் ஒருநாளும் பிந்தியதில்லை." உலகத்தை நான் பார்ப்பது துரையின் பல்லிடுக்கால். கிழமை நாட்களில் பெற்றோல் நிலையத்தில் நிற்கிறவனுக்கு இது பதவி உயர்வுதான்.

வேலைக்குக் கேட்டுப் போன அன்று, பொறுப்பாக இருந்த கீத் என்ற பெரியவர், "ரெயில்வே அனுபவம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். "மூன்று வருடம் தண்டவாளத்துக்குக் கீழே இருந்திருக்கிறேன்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. உள்ளே போய்ச் சூப்பும் ஒரு கம்பளிச் சட்டையும் கொண்டுவந்து தந்து, "இனி எல்லாம் சரிவரும்" என்று தோளைத் தட்டினார். ஏதோ பாலத்துக்குக் கீழே வீடில்லாமல் படுத்தவன் என்று நினைத்துவிட்டார். சூப் சூடாக இருந்தபடியால் நான் திருத்தவில்லை.

சண்டைக் காலத்தில் நாங்கள் எங்கள் ஊரான தோட்டவெளியை விட்டு நறுவிலிக்குளத்துக்கு இடம்பெயர்ந்து, வயல் செய்யும் ஒரு கமக்காரரின் வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். தலைமன்னார்ப் பாதையில் ரெயில் நின்றுபோய்விட்டது. ஓடாத ரெயிலுக்கு எதற்குத் தண்டவாளம் என்று, ஆளுக்காள் கழற்றிக்கொண்டு போனார்கள். குண்டுக்குப் பதுங்க நிலத்தில் வெட்டிய எங்கள் பங்கருக்குக் கூரை அதுதான். கீழே தண்டவாளம் தாங்கும் சிலிப்பர் கட்டை, குறுக்கே தண்டவாளத் துண்டுகள், மேலே மண்மூட்டை. மீன்பிடிக்கக் கடலுக்குப் போகமுடியாமல் இருந்த என் தகப்பன், ஐயா, அந்த வளவுக்காரரோடு சேர்ந்து அவற்றைத் தோளில் சுமந்து வந்தார். மற்றப் பிள்ளைகள் தண்டவாளத்தின் மேல் கை விரித்து நடந்து பழகிய வயதில் நான் அதன் அடியில் குந்தியிருந்து, "ஐயா, இதிலை ரெயில் எப்ப வரும்?" என்று கேட்பேனாம். வெளியே செல் விழுந்து வெடிக்கும். ஐயா, "வாயை மூடிக்கொண்டு இரு, வந்தால் ஏறுவம்" என்பாராம். வந்தது. நான் ஊரை விட்டு ஓடி வந்தபிறகு, புதுத் தண்டவாளம் போட்டு, தோட்டவெளியில் எங்கள் வேலியோடு ரெயில் போகத் தொடங்கியது. நான் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. அகதியாக ஏற்றுக்கொண்டு இந்த நாடு எனக்குத் தந்த பயணப் பத்திரம் தங்கமானது. அதைக் காட்டி எந்த நாட்டுக்கும் போகலாம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று எதுவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே தோட்டவெளிக்கு எனக்கு உள்ள பாதை போன் மட்டும்தான். ஐயாவை ஆஸ்பத்திரியிலிருந்து, "இனி வீட்டிலை வைத்துப் பாருங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். என் தங்கச்சி செல்வி பார்த்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எடுத்தால், சுகம் விசாரிக்க முதலே ஐயா கேட்பது, "பிள்ளை நிக்கிறாளோ? ஒரு சொல்லுக் கதைக்கச் சொல்லு." பிள்ளை என் மகள் அனிற்றா. ஆறு வயது. முந்தி அப்பப்பாவோடு கதைத்தவள்தான். போன வருடம் ஒருநாள் திடீரென்று நிறுத்திவிட்டாள். போனை நீட்டினால் தலையை ஆட்டிவிட்டு மேசைக்குக் கீழே போய்விடுவாள். நானும் என் வழக்கப்படி, "ஐயா, அவ இப்ப வெள்ளைக்காரத் துரைச்சாணி. கதைக்கிறதெண்டால் அப்பொயின்ற்மென்ற் எடுக்கவேணும்" என்று பகிடி விட்டுச் சமாளித்துவந்தேன். ஐயா சிரிப்பார். சிரிப்பு இருமலாக மாறும். ஒவ்வொரு ஞாயிறும் இருமல் கொஞ்சம் நீண்டுகொண்டு போனது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மனைவி றெஜினா அனிற்றாவைச் சேர் றொடறிக்கிடம் கூட்டி வந்தாள். அப்பா அங்கே ரிக்கற் கிழிக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தோம். பிள்ளைகள் துரைக்கு முன்னால் உள்ள மரப் படியில் ஒவ்வொருவராக ஏறி, துரையின் காதில் ரகசியம் சொல்லலாம். தம்பியின் சொக்லேற்றை எடுத்துத் தின்றது, நாயின் மேல் பழி போட்டது, எல்லாம் என் காதுக்குத்தான் வரும். எங்கள் ஊர்க் கோவிலில் குருவானவர் பாவசங்கீர்த்தனம் கேட்பதுபோல நான் இருட்டில் இருந்து கேட்பேன், இமையை ஒருமுறை மூடித் திறந்து மன்னிப்பும் கொடுப்பேன். அனிற்றா ஏறினாள். பல்லிடுக்கால் அவளுடைய ஒரு கண்ணும் கன்னமும் மட்டும் தெரிந்தன. ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு அப்பப்பாவோடு கதைக்க விருப்பம். ஆனால் நான் தமிழ் கதைத்தால் எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்பாதான் எல்லாரிலும் கூடச் சிரிக்கிறது. பிறகு வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. நீ சிரிக்கமாட்டாய்."

இந்த நாட்டில் எத்தனையோ விண்ணப்பங்களை நிராகரித்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஒன்றும் இவ்வளவு சுருக்கமாக எழுதப்பட்டதில்லை. அவள் ஒருநாள் போனில் அப்பப்பாவோடு கதைக்கும்போது தமிழில் ஒரு பிழை விட்டாள். அதை நான் ஞானஸ்நான வீட்டிலும் பிறந்தநாள் வீட்டிலும் நடித்துக் காட்டி, வயிறு நோகச் சிரிக்கவைத்து, கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பிழை என்னவென்று கேட்காதேயுங்கோ. இங்கேயும் அதை எழுதி உங்களிடம் ஒரு சிரிப்பு வாங்கவேண்டும் என்று விரல் துடிக்கிறது. வியாதி அதுதான்.

பதில் சொல்ல என்னிடம் இரண்டு கயிறுதான் இருந்தது. இமைக் கயிற்றை இழுத்தேன், பாதியில் இறுகிக்கொண்டது. பதற்றத்தில் முழங்கை பொத்தானில் பட்டுவிட்டது. "நான் ஒருநாளும் பிந்தியதில்லை" என்று துரை முழங்கினார். "எனக்குத் தெரியும்" என்றாள் அனிற்றா ஆங்கிலத்திலேயே, "எங்கட அப்பா எப்பவும் லேற்." பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அப்பப்பாவுக்கென்று வைத்திருந்த நாலு வசனங்களைத் தமிழில் துரையின் காதில் சொல்லிப் பார்த்தாள். அவற்றையும் எழுதமாட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியில் விடக்கூடாது. தன் பாவத்தையே பிறர் வாயால் கேட்ட குருவானவருக்கு என்ன சட்டமென்று எனக்குத் தெரியாது. மகளிடம் மன்னிப்புக் கேட்பதென்றால், உள்ளே இருந்தது நான்தான் என்று சொல்லவேண்டும். சொன்னால், உலகத்தில் அவளைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆளும் அவளுக்கு இல்லாமல் போய்விடும்.

மறுநாள் ஞாயிறு. போனை ஒலிபெருக்கியில் போட்டேன். "பிள்ளை நிக்கிறாளோ?" என்றார் ஐயா. அனிற்றா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு மேசைக்குக் கீழே போனாள். வாய்க்கு வந்த பகிடியை நான் விழுங்கிக்கொண்டேன்.

"என்னடா, லைன் வெட்டுப்பட்டிட்டுதோ?"

"இல்லை ஐயா, நிக்கிறன்."

"நீ பகிடி விடாட்டில் எனக்குப் பயமாக் கிடக்கு. ஆருக்கும் வருத்தமோ?"

"ஒருத்தருக்கும் இல்லை. ஐயா, அவளுக்கு ரெயில் எண்டால் நல்ல விருப்பம்."

"உதை முதலே சொல்லியிருக்கலாமே, விசரா. கொழும்பு ரெயில் வாற நேரம். பிள்ளை செல்வி, உந்தக் கதிரையை வேலியடிக்குக் கொண்டு வா."

"ஐயா, இந்த வெயிலுக்குள்ளை எங்கை போறியள்?" என்று செல்வி அங்கே ஏசுவது கேட்டது. "டொக்டர் என்ன சொன்னவர்?"

"டொக்டருக்கு என்ன, அவர் காரிலை போறவர். பிடி, பிடி, விழுத்திப்போடாதை."

கதிரை மண்ணில் இழுபடுவதும் ஐயாவின் மூச்சும் கேட்டன. பிறகு தூரத்தில் ஹோர்ன். டீசல் எஞ்சின்தான், துரையின் சொந்தபந்தம் அல்ல. ஆனால் சத்தம் வரவர எங்கள் மேசையே அதிர்வதுபோல இருந்தது. என் வாழ்நாளில் எங்கள் ஊர் ரெயிலை நான் முதன்முதல் கேட்டது அப்போதுதான். அனிற்றா மேசைக்குக் கீழே இருந்து வெளியே வந்து போனை இரண்டு கையாலும் எடுத்தாள். பெட்டி பெட்டியாகப் போய் முடிந்தது. ஒரு காகம் கத்தியது. ஐயா இருமி முடித்து, "பிள்ளைக்குக் கேட்டதோ?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். திறந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தை ஃபைபராக்கிக்கொண்டு நின்றேன். மூக்கு, வாய், கன்னம் ஒன்றும் அசையவிடவில்லை. ஆனாலும் அவள் என்னை நம்பவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

 பிறகு ஐயாவின் குரல் கதவைத் தாண்டி வந்தது: "ஓம் ராசாத்தி, கேக்குது. ஆறுதலாச் சொல்லு." அதற்குப் பிறகு அவளுடைய குரல், மெல்லியதாக, சொல் பிரியாமல். நாலு வசனத்துக்கு மேலேயும் போனது. இந்தக் கதவில் பல்லிடுக்கு இல்லை. எனக்குப் போக முடியாத தோட்டவெளி, கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது, இந்த நாட்டில் பிறந்த என் பிள்ளையும் அந்தப் பக்கமே இருந்தாள். நான் நடைபாதையில் நின்றேன். கை தன்பாட்டில் மேலே போய்க் கயிற்றைத் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. கண்ணை ஒருமுறை இடப்பக்கம் உருட்டினேன், ஒருமுறை வலப்பக்கம்.