காம்ப் கேற்றில் வைத்துவிட்டு வந்த துவக்கு

வெடிமருந்து வாசம்...

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் கணவர் வீட்டுக்கு வரும்போது அந்த வாசம்தான் முதலில் குசினிக்குள் நுழையும். சேட்டைக் கழற்றி வாளித் தண்ணீரில் ஊறப் போட்டாலும் லேசில் போகாது.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில், ஊர்காவற்றுறைப் பக்கம் எங்கள் வீடு. கலியாணம் முடித்த புதிது. எண்பத்துமூன்று கலவரத்துக்கு முந்திய காலம்.

அவருக்கு லைசென்ஸ் உள்ள வேட்டைத் துவக்கு ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் முயலும் காட்டுத்தாராவும் அதிகம் கிடைக்கிற இடம் நேவிக் காம்ப் வேலிக்கு உள்ளே இருந்த பற்றைக்காடுதான். வெளியாட்கள் சுடப் போகாததால் அங்கே எல்லாம் பெருகிக் கிடந்தன. ஊரில் துவக்கு வைத்திருந்த நாலைந்து பேருக்கு காம்ப்காரர் பாஸ் கொடுத்திருந்தார்கள். சேர்ச்சில் பூசை முடிந்ததும் சைக்கிளில் நேரே அங்கேதான் போவார்.

வேட்டை முடிந்தால் கடற்கரையில் வெறும் மீன்ரின்களை அடுக்கி வைத்து, நேவிக்காரரும் எங்கள் ஆட்களும் குறி பார்த்துச் சுடுவார்களாம். தோற்றவர் சோடா வாங்க வேண்டும்.

அங்கே சோமபால என்றொருவர் இருந்தார். தெற்கே காலிப் பக்கத்துச் சிங்களப் பெடியன். அரைகுறைத் தமிழ். என் கணவரை "அண்ணே" என்பார், என்னை "அக்கே" என்பார். முயல் கிடைத்த நாட்களில் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். உறைப்பில் கண்ணீர் ஓட ஓட, "இன்னும் போடுங்க அக்கே" என்று சாப்பாட்டுக் கோப்பையை நீட்டுவார்.

பிறகு கலவரம் வந்தது...

கொழும்பில் அடிபட்ட எங்கள் சனங்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். என் மச்சாள் உடுத்த உடுப்போடு வந்தாள். அடுத்த ஞாயிறு என் கணவர் காம்ப் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. பாஸ் செல்லாது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

கொஞ்சக் காலத்தில் லைசென்ஸ் துவக்கெல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்போது பொலிஸ் இல்லை. காம்பில்தான் கொடுக்க வேண்டும். அதே கிழமை இரண்டு இயக்கப் பொடியள் படலையில் வந்து நின்றார்கள்.

"அண்ணை, உங்களிட்ட துவக்கு இருக்கெண்டு தெரியும். எங்களுக்குத் தேவை. யோசிச்சு வையுங்கோ, திரும்பி வருவம்."

மரியாதையாகத்தான் கேட்டார்கள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, உதைக் கடலுக்குள்ள எறிஞ்சிட்டு வாங்கோ," என்றேன்.

"எறிஞ்சனான் எண்டால் ஆர் நம்புவினம்? பொடியளிட்டக் குடுத்தனான் எண்டுதான் நேவிக்காரங்கள் நினைப்பாங்கள். காம்பிலதான் குடுக்கப்போறன். அங்க சோமபால நிக்கிறான். அவனுக்கு என்னைத் தெரியும்."

"அப்ப நானும் வாறன்."

"நீர் வரவேண்டாம்."

"பொம்பிளையைக் கண்டால் சுடமாட்டாங்கள்," என்று சொல்லிவிட்டு சைக்கிள் பாரில் ஏறி உட்கார்ந்தேன். அப்படி யார் எனக்குச் சொன்னது என்று இன்றைக்கும் தெரியாது.

துவக்கைச் சுற்றிக் கட்டாமல், தோட்டா இல்லை என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி குழலைத் திறந்து மடித்துப் பிடித்துக்கொண்டேன். கேற்றில் மண்மூட்டை அடுக்கியிருந்தார்கள். தெரியாத முகங்கள். சிங்களத்தில் கத்தினார்கள். நாங்கள் இறங்கி நின்றோம். துவக்கை என் கையிலிருந்து அவர் வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் சோமபால வெளியே வந்தார். அவர் கையிலும் துவக்கு. அது எங்கள் பக்கம் பார்த்தபடி இருந்தது.

"சோமபால..." என்றார் என் கணவர், சிரிக்கப் பார்த்தபடி.

"பேச வேணாம். அது கீழ வைங்க. கை மேல."

அவர் துவக்கை மண்ணில் வைத்தார். இரண்டு கையையும் தூக்கினார். கலியாணம் கட்டின நாளிலிருந்து அந்த மனுசனை அப்படி நான் பார்த்ததில்லை. இன்னொரு நேவிக்காரன் வந்து அவர் உடம்பெல்லாம் தடவிச் சோதித்தான்.

துவக்கை எடுக்கக் குனிந்தபோது சோமபால என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்: "அக்கே, இனி வரவேணாம். எங்கயும் என்னோட பேர் சொல்லவேணாம்."

திரும்பி வரும்போது அவர் சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டே நடந்தார். நானும் பக்கத்தில் நடந்தேன்.

பொடியள் சொன்னபடியே வந்தார்கள். "ஏன் அங்க குடுத்தனீங்கள்?" என்று கேட்டு, விசாரிக்க வேண்டும் என்று கூட்டிப்போனார்கள். கெஞ்சிப் பார்த்தேன், முடியவில்லை. கன்னம் வீங்கி, ஒரு காது சரியாகக் கேளாமல் திரும்பி வந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். "விடும்," என்று மட்டும் சொன்னார். சாகும்வரைக்கும் அதற்கு மேல் சொல்லவில்லை.

தொண்ணூறில் தீவை விட்டு வெளிக்கிட்டோம். யாழ்ப்பாணம், கொழும்பு, பிறகு இங்கே கனடா. நேவிக்காரர் செத்ததாக றேடியோவில் சொன்னால் அவர் சத்தத்தைக் கூட்டிவிட்டு, நல்ல காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்பார். யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். றேடியோவில் செத்தவர்களின் பேர்களை ஒருநாளும் சொன்னதில்லை. சோமபால இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

போன வருசம் என் மனுசனும் போய்விட்டார்...

இப்போது மகன் வேட்டைக்குப் போகிறான். இங்கே ஆர்மிக்காரரின் காணியொன்றில் சீசன் நேரத்தில் பாஸ் எடுத்தவர்களை மான் சுட விடுகிறார்களாம். "அம்மா, அவங்கள் நல்ல பெடியள். கோப்பி எல்லாம் தருவாங்கள்," என்கிறான். நல்லவர்களாகத்தான் இருப்பார்கள்.

அந்த நாளில் என் மனுசன் காம்புக்குள் போனால் நான் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். வெடிச்சத்தம் கேட்டால், இண்டைக்கு இறைச்சிதான் என்று அடுப்பில் சட்டியை வைப்பேன். ஒருநாளும் பயந்ததில்லை.

இங்கே சண்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் மகன் காணியை விட்டு வெளியே வந்து போன் எடுக்கும்வரை, எனக்கு ஒரு வாய் தேத்தண்ணி இறங்குவதில்லை.