நடு இருக்கை

கடையில் எல்லோரும் அவரை டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்பீக்கர் பொருத்தப் போன வீட்டுக்குள் கால் வைத்ததும் இடுப்பிலிருந்து அளவு டேப்பை உருவிவிடுவார். டிவியிலிருந்து சோபா எத்தனை அடி, உட்காருபவரின் காது தரையிலிருந்து எத்தனை அங்குலம், இடது ஸ்பீக்கரும் வலது ஸ்பீக்கரும் அந்தக் காதிலிருந்து ஒரே தூரமா என்று அளந்து நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் பெட்டியைப் பிரிப்பார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அட்டைப்பெட்டி மடிக்க வந்தவர். பெட்டிகளில் கேட்பாரற்றுக் கிடந்த கையேடுகளைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தார். புரியாததை ஒயர்காரர்களின் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். கேட்டால் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் விரட்டவும் மாட்டார்கள். அப்படிச் சேர்த்த வித்தை அது.

இரண்டு வருஷமாக வலது தோள்பட்டை அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஏணியில் நின்று தலைக்கு மேலே கையை நீட்டவேண்டியிருந்தால், இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டுதான் திருகு முடுக்கினார். இரவில் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் தோள் எழுப்பிவிட்டது. கடையின் டெமோ அறையில் வாடிக்கையாளருக்கு ஒலி போட்டுக் காட்டும் வேலை அந்த மாதம் காலியானது. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஏணி கிடையாது. வாயைத் திறந்து எதையும் கேட்காத டேப்பக்கா, அதை மட்டும் மேனேஜரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

"ஒங்களுக்குத்தான்னு மேல சொல்லி வெச்சிருக்கேன்கா" என்றார் மேனேஜர். "ஆனா அந்த பஸ் டிரைவர் வீட்டுல மூணாவது தடவையா கூப்பிடுறாங்க. இன்னைக்குப் போயி, வேலை திருப்தின்னு ஒரே ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. நம்ம மேல தப்புன்னு பேப்பர்ல ஒரு வரி ஏறுச்சுன்னா, அப்புறம் நான் என்ன சொன்னாலும் எடுபடாது."

பஸ் ஓட்டுநரின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் இல்லை. ஏணியை ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் சாய்த்துவிட்டு, தோளைத் தேய்த்துக்கொண்டு ஏறினார்.

மூன்று வாரத்துக்கு முன்பு அந்த வீட்டில் டிவியின் ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரையும் ஸ்பீக்கர்களையும் பொருத்தியது அவர்தான். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, மூலையில் ஒரு பேஸ் பெட்டி. டிவிக்குக் கீழே இடமில்லாததால் நடு ஸ்பீக்கர் வாங்கவில்லை. நடு ஸ்பீக்கர் இல்லை என்று ரிசீவரில் பதிந்துவிட்டால், அது வசனத்தை இடதுக்கும் வலதுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கும். சரியாக நடுவில் உட்கார்ந்தால் டிவிக்குள்ளிருந்தே பேசுவதுபோல் கேட்கும். அதற்காகவே ஓட்டுநரின் நாற்காலியை டேப் வைத்து நடுவில் போட்டு, "இதுதான் சார் ராஜா சீட்டு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ராஜா சீட்டில் உட்கார்ந்தவருக்கு வசனம் மட்டும் கேட்கவில்லை. மழை கேட்டது, இடி கேட்டது. பேசுகிறவர்கள் கிணற்றுக்குள் நின்று பேசினார்கள். ஓரத்து சோபாவில் இருந்த மனைவிக்கும் மகளுக்கும் எல்லாம் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது தடவை வந்த டேப்பக்கா, ரிசீவர் பக்கத்தில் ரிமோட்டுடன் நின்றபடி சினிமா முறை, ஸ்டீரியோ முறை, எல்லா ஸ்பீக்கரும் ஒன்றாகப் பாடும் முறை என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். அவர் நின்ற இடத்தில் எல்லாமே சரியாகத்தான் கேட்டன. கடைசியில் வசனத்தைத் தூக்கிக் கொடுக்கும் முறையை வைத்துவிட்டு, ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொன்னார்: "வயசாக ஆக சில பேருக்கு வசனம் கொஞ்சம் மங்கும் சார். தப்பில்ல."

இன்று கதவைத் திறந்த மனைவி முதலில் சொன்னதே அதைத்தான். "நீங்க சொன்னது சரியாப் போச்சுக்கா. இவருக்குக் காதுதான். நான் கூப்பிட்டாலும் ஏன்னு கேக்கறதில்ல. இத்தனை வருஷம் ஆரனைத் தவிர வேற எதைக் கேட்டாரு?"

"மெதுவா பேசும்மா" என்றாள் மகள்.

"மெதுவா பேசினாத்தான் அவருக்குக் கேக்காதே!"

ஓட்டுநர் சிரிக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடித்த காகிதம் ஒன்று சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது.

"அப்பா டிப்போவுக்கு லெட்டர் எழுதிட்டாருக்கா" என்றாள் மகள் தாழ்ந்த குரலில். "பஸ்ஸ விட்டு எறக்கி ஸ்டோர்ல போடச் சொல்லி. நாளைக்குக் கொடுக்கப் போறாராம்."

"அடுத்த வாரம் மெடிக்கல் இருக்கும்மா" என்றார் ஓட்டுநர். அது அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது. "டாக்டர் பிடிச்சு எறக்கறதுக்கு முன்னாடி நானே எறங்கிட்டா மரியாதையாப் போகும். எழுபது பேர பின்னாடி வெச்சிக்கிட்டு, சந்தேகத்தோட ஓட்ட முடியாது."

டேப்பக்கா ரிமோட்டை எடுத்தார். டிவியில் செய்தி வைத்தார். மாடி ஏறிய கால் வலித்தது. ஓட்டுநர் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது, அந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

செய்தி வாசிப்பவளின் குரல் காணாமல் போனது. டிவியிலும் இல்லை, ஸ்பீக்கரிலும் இல்லை. பின்மண்டைக்குள் எங்கோ சன்னமாக இழுத்துக்கொண்டிருந்தது. தலையை ஒரு முழம் இடப்பக்கம் சாய்த்தார். குரல் வந்தது. நிமிர்ந்தார். போய்விட்டது. மறுபடியும் சாய்ந்தார், நிமிர்ந்தார்.

"என்னக்கா, தலை சுத்துதா?" என்றாள் மகள்.

"இல்லம்மா."

முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அளவெடுக்கும் மைக் மட்டும்தான். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஓர் இரைச்சலை அனுப்பி, அந்த மைக் வழியாகக் கேட்டுக் கணக்குப் போடும். போட்டு முடித்ததும் திரையில் சொன்னது: இடது முன் ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் ஒயர் மாறியிருக்கலாம், சரிபார்க்கவும். பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் பொய்யாக வருகிற எச்சரிக்கை அது. ஸ்பீக்கர் சுவரை ஒட்டியிருந்தாலே வந்துவிடும். தொழிலில் இருப்பவர்கள் அடுத்த பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். டேப்பக்கா மட்டும் எப்போதும் ஏறிப் பார்ப்பார். அன்று ஸ்பீக்கர் அலமாரிக்கு மேலே, கூரையை ஒட்டி இருந்தது. ஏணியை மடித்தாகிவிட்டது. தோள் நெருப்பாக எரிந்தது. பொத்தானை அமுக்கினார். இரண்டாவது தடவை வந்து மைக் வைத்து அளந்தபோதும் அதே எச்சரிக்கை வந்தது. அதே பொய் என்று மறுபடி அமுக்கினார்.

ரிசீவரை அணைத்துவிட்டு ஏணியை விரித்தார். ஐந்தாவது படியில் நின்று இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு ஸ்பீக்கரைத் திருப்பினார். சிவப்புக் கோடு போட்ட ஒயர் கறுப்பு முனையில் இருந்தது. தன் கைமுடுக்கு அவருக்குத் தெரியும், நன்றாகத்தான் முடுக்கியிருந்தார். ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்திருக்கிறது. நடுவில் உட்கார்ந்தவரின் காதருகே இரண்டும் ஒன்றையொன்று விழுங்கியிருக்கின்றன. ஓரத்தில் இருந்தவர்களுக்கு ஒரு ஸ்பீக்கர் கிட்டத்தில் இருந்ததால் பிழைத்தார்கள்.

மாற்றிப் பொருத்திவிட்டு இறங்கி, வசனம் தூக்கும் முறையையும் எடுத்துவிட்டு, ஓட்டுநரை உட்காரச் சொன்னார். குரல் டிவியின் நட்டநடுவிலிருந்து வந்தது. ஓட்டுநர் சத்தத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். "கேக்குது" என்றார். "இதுலயும் கேக்குது."

"பாத்தீங்களா! செவிடுக்குன்னே ஒரு மோட் வெச்சிருக்காங்க போல" என்றார் மனைவி. "அக்கா தேடிப் பிடிச்சு வெச்சுட்டாங்க. இனிமே வீட்டுல கவலையில்ல."

ஓட்டுநரின் முகத்தில் வந்த வெளிச்சம் இறங்கிவிட்டது. தலையாட்டிவிட்டு, டேப்பக்கா மேஜையில் வைத்திருந்த கடைப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். "எங்கம்மா கையெழுத்து? கீழயா?"

கீழேதான். "வேலை திருப்தி" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில். டேப்பக்கா விரலை நீட்டி இடத்தைக் காட்டினார். பேனா தாளில் படுவதற்குள் அந்த விரலையே குறுக்கே வைத்தார்.

"மோட் எதுவும் இல்ல சார். ஒங்க காதுல ஒண்ணும் இல்ல. நான்தான் ஒயர மாத்திக் கொடுத்துட்டேன். மொத நாளே மிஷின் சொல்லுச்சு. நான் ஏறிப் பாக்கல."

ஓட்டுநர் பேனாவைக் கீழே வைத்தார்.

"திருப்பிச் சொல்லுங்க" என்றார் ஓட்டுநர்.

சொன்னார்.

"இப்படித் திரும்பி, இவகிட்டச் சொல்லுங்க."

மனைவியிடம் சொன்னார். நடுவில் உட்கார்ந்தால் யாருக்கும் கேட்டிருக்காது என்றும் சொன்னார். ஓட்டுநர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். "அண்ணே, ஒரு நிமிஷம், இந்த மேடம் பேசறதக் கேளு." போனில் இருந்தவர் டிப்போவின் நேரக் காப்பாளர். அவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. நான்காவது தடவை சொல்லும்போது டேப்பக்காவின் குரலில் வெட்கம்கூட மிச்சமில்லை. பஸ் நிலையத்தின் பெயரை வாசிப்பதுபோல் வாசித்தார்.

"அப்ப நான் கூப்பிட்டப்பல்லாம் கேக்காத மாதிரி இருந்தீங்களே, அது என்ன?" என்றார் மனைவி. ஓட்டுநருக்கு அது கேட்கவில்லை.

பிறகுதான் கோபம் வந்தது. "மூணு வாரம்மா! மூணு வாரமா தூக்கமில்ல. தெருவுல எவன் சிரிச்சாலும் என்னையத்தான்னு தோணுச்சு. வயசாயிருச்சுன்னு நீங்க வாயால சொல்லிட்டுப் போனீங்களே!"

"தப்புதான் சார்."

அவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். குறைகள் என்று நான்கு கோடு போட்ட இடம் இருந்தது. "இதுல எழுதப் போறேன்."

"கையெழுத்து மட்டும் போட்டா…" என்று ஆரம்பித்த டேப்பக்கா நிறுத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "எழுதினா எனக்குக் கெடைக்க இருந்த வேலை கெடைக்காது சார். இதே ஏணிதான்."

ஓட்டுநர் அவரையும் ஏணியையும் பார்த்தார். கோபம் கொஞ்சம் தணிந்ததுபோல் இருந்தது. "எனக்கு ஒங்க மேல வன்மம் இல்லம்மா. ஆனா நாளைக்கு இவளே மறுபடி செவிடும்பா. தெருவும் சொல்லும். எனக்கே ஒரு நாள் சந்தேகம் வரும். எனக்குப் பேப்பர்ல வேணும்."

சட்டைப்பையிலிருந்து டிப்போவுக்கு எழுதிய கடிதத்தை எடுத்து, குறுக்கே கிழித்து மேஜையில் போட்டார். படிவத்தில் குனிந்து பெரிய எழுத்தில் எழுதத் தொடங்கினார்: ஒயர் மாற்றிக் கொடுத்தது பொருத்தியவர் தவறு. என் காது நன்றாக இருக்கிறது.

பேனா தாளை லேசாகத்தான் தொட்டுக்கொண்டு போனது. மேல் தாள் கடைக்கு, அடித்தாள் வாடிக்கையாளருக்கு. நடுவில் பழைய கார்பன். டேப்பக்கா அடித்தாளின் முனையைத் தூக்கிப் பார்த்தார். ஓர் எழுத்தும் விழவில்லை.

"அழுத்தி எழுதுங்க சார்" என்றார். "ஒங்க தாள்ல விழல."