சுவரில் நடந்து வந்த துரை

பசறைக்கு மேலே மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். இந்த மலைத் தேயிலையை உலகமெல்லாம் விற்றுப் பெயரெடுத்த வெள்ளைக்காரத் துரை ஒருவரின் வாழ்க்கைதான் உள்ளே காட்சி. எல்லாம் தொட்டால் பேசும், மிதித்தால் ஓடும் வகை. அந்தக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. கொழும்பு நிறுவனம் ஒன்றும் அழைத்திருந்தது. சனிக்கிழமை மாலைக்குள் இரண்டு இடத்துக்கும் பதில் சொல்லவேண்டும். அன்று பகலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, சும்மா பார்வையாளராக அங்கே போனேன்.

அம்மா எப்போதோ முடிவு செய்துவிட்டாள். தோட்டத்து வரிசைவீடான எங்கள் லயத்து வாசலில் நின்றாலே அந்தத் தொழிற்சாலையின் தகரக்கூரை தெரியும். வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம் என்பதற்கு மேல் அவளுக்குக் காரணம் தேவைப்படவில்லை.

எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அம்மா படங்களைப் பார்த்தாள். நான் படங்களின் பின்பக்கத்தைப் பார்த்தேன். வழக்கம்போல் மனதுக்குள் வரிசை ஓடியது: மின்சாரம் போனால் எது முதலில் நிற்கும், எந்தத் திரைக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது, எந்த வயரை எலி கடித்திருக்கும். கப்பலோட்டும் சக்கரம் ஒன்று, திரையில் கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே இறுகிப்போயிருந்தது. இரண்டு பிள்ளைகள் அதில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். எதையும் சரிசெய்யலாம். ஆனாலும் ஒவ்வொரு அறையிலும் வெளிவாசல் எங்கே என்றே என் கண் தேடியது.

கடைசி அறைக்குத்தான் கூட்டம். தரையில் ஒரு வட்டம். அதில் ஆள் நின்றால் எதிர்ச்சுவரில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாதை விரியும். துரை தொப்பியும் கைத்தடியுமாக நம்மை நோக்கி நடந்து வருவார். கிட்டே வந்து, தொப்பியைக் கழற்றி, தமிழிலேயே வணக்கம் சொல்லித் தன் கதையைத் தொடங்குவார்.

அம்மாவின் முறை வந்தது. வட்டத்தில் நின்றாள். திருப்பத்தில் துரை தலைகாட்டினார். அம்மா முக்காட்டை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்துச் சுவரோடு ஒதுங்கி நின்றாள். தோட்டத்து ரோட்டில் எந்தத் துரையின் வாகனம் வந்தாலும் கொழுந்துக் கூடையோடு தண்ணீர் ஓடும் கானோரம் ஒதுங்கி நின்று வளர்ந்தவள் அவள். வட்டத்தில் ஆள் இல்லையென்று சென்சர் கண்டுகொண்டது. துரை மறைந்தார்.

வழிகாட்டும் பெண் அவளைத் திரும்ப வட்டத்துக்குள் அனுப்பினாள். துரை வந்தார். அம்மா ஒதுங்கினாள். துரை போனார். மறுபடியும் அதுவே நடந்தது. பின்னால் நின்ற ஒருவர், "அக்கா இன்னிக்குப் பெரட்டுக்குப் பிந்திட்டாங்க போல," என்றார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு தெரிந்த எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு முகம் சுட்டது. அம்மாவின் கையைப் பிடித்து, "அது வெறும் வெளிச்சம்மா. எதுக்கு ஒதுங்குற?" என்றேன்.

"வெளிச்சம்னு எனக்குத் தெரியாதா? ஒதுங்கி நின்னா அவங்க பாட்டுக்குப் போயிருவாங்க. இல்லேன்னா நின்னு பேச ஆரம்பிச்சிருவாங்க. அதுக்குத்தானே புள்ள ஒதுங்குறது."

இப்போது கேலி செய்தவரும் வேறு மாதிரிச் சிரித்தார்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மெனேஜர் என்னை அடையாளம் கண்டு தனியே அழைத்தார். தோட்டத்து ஆட்கள் வந்தால் தினமும் இதே கதை, வரிசை நகர்வதில்லை என்று அலுத்துக்கொண்டார். "மிஸ் வந்தோன்ன மொதல்ல இதச் சரி பண்ணணும். சென்சர அகலமாக்கிட்டா, ஆள் எங்க ஒதுங்குனாலும் துரை நிப்பார்."

சுலபமான வேலை. அவர் பேசி முடிப்பதற்குள் சென்சரை எந்தக் கோணத்தில் திருப்பவேண்டும் என்று மனதில் போட்டுப் பார்த்துவிட்டேன். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை பிடித்துவிடும். அம்மா நின்ற இடமும் அதற்குள் வந்தது. அவள் போய் நிற்க அந்த அறையில் வேறு இடமில்லை.

"சென்சர்ல பிழை இல்ல சேர். சரியாத்தான் வேலை செய்யுது."

"மாத்த ஏலாதா?"

"ஏலும். நான் மாத்த மாட்டேன்."

வேலைக்கு வரவில்லை என்பதையும் அங்கேயே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. யோசித்துப் பார்க்கச் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் விஷயம் கேட்டதும் அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. "ஒதுங்குனது நானு. ஒனக்கு என்னா வந்துச்சு? கண்ணுக்கு முன்னால இருக்கிற வேலய விட்டுட்டு வாறியே."

அந்த ஒரு காரியத்தை மட்டும் என் கையால் செய்ய முடியாது என்றேன். அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஏறியதும் கொழும்புக்கு அழைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் சிக்னல் அறுந்தது. மறுமுனையில் பேசிய அம்மையார், கேட்கவில்லை, கேட்கவில்லை என்றார். நான் வருகிறேன் என்று சொல்வதற்குள் மறுபடியும் அறுந்தது. போனை மடியில் வைத்தேன், எடுத்தேன், திரும்பவும் வைத்தேன்.

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"இப்ப எடு. கொஞ்ச தூரத்துக்கு ரோடு நேரா இருக்கு."